முயல் வேண்டாம், முளை போதும்: ஈஸ்டர் வாரத்தில் மழலையர் வகுப்புக்குச் செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

பங்குனி பிறந்தால் போதும், நர்சரிப் பள்ளி ஆசிரியைகளின் வாட்ஸ்அப் குழுக்களுக்குள் முயல் புகுந்துவிடும். இளஞ்சிவப்புக் காது, கையில் கூடை, கூடை நிறையப் புள்ளிவைத்த முட்டைகள். அச்செடுத்து ஆளுக்கொன்று கொடுத்துக் கிரேயானையும் நீட்டினால் அரை மணி நேரம் வகுப்பு சத்தமில்லாமல் இருக்கும். அந்த அமைதியைத் தவிர அதில் பிள்ளைக்கு என்ன கிடைத்தது என்று கேட்டால் சொல்வதற்கு ஒன்றும் இல்லை.

ஈஸ்டர் முயல் ஜெர்மானியர்களின் சரக்கு. 1682-லேயே ஒரு ஜெர்மன் மருத்துவர் அதைப் பற்றி எழுதிவைத்திருக்கிறார். 18ஆம் நூற்றாண்டில் பென்சில்வேனியாவுக்குக் குடியேறியவர்களோடு கப்பலேறியது. பிறகு வாழ்த்து அட்டையிலும் சாக்லேட்டிலும் ஏறி உலகம் சுற்றியது. எங்கள் புதுக்கோட்டை மாவட்டத்துக்கு ஈஸ்டர் வந்தது வேறு வழியில். விராலிமலைப் பக்கம் ஆவூரில் இயேசு சபைக் குருக்கள் 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் கால்வைத்தார்கள். 1747-ல் அங்கே புதுக்கோயில் எழும்பியது. வீரமாமுனிவர் பணி செய்த இடம் அது. இன்றும் அங்கே ஈஸ்டர் என்றால் இயேசுவின் பாடுகளை நடிக்கும் பாஸ்கா நாடகம், அதையடுத்துத் தேர். வடம் பிடிக்க எல்லா மதத்தாரும் வருவார்கள். அந்தத் தேரில் முயல் இல்லை.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். பங்குனி, சித்திரையில் இந்த மண்ணில் எது குழந்தையின் கைக்கு எட்டுகிறதோ அதை வைத்துத் திட்டம் போடுங்கள். ஓலை, பயறு, முட்டை, நுங்கு, களிமண். பண்டிகை முடிந்த மறுநாளும் அது பிள்ளையின் கண்ணில் படும், கையில் கிடைக்கும். பால்வாடி டீச்சர், எல்.கே.ஜி. மிஸ், கோயிலில் மறைக்கல்வி எடுக்கும் சிஸ்டர், சி.எஸ்.ஐ. சபையின் ஞாயிறு பள்ளி அக்கா, வீட்டில் பிள்ளையை வைத்துக்கொண்டு விழிக்கும் அம்மா என்று எல்லாரையும் மனதில் வைத்தே எழுதுகிறேன். யாருக்கு எது பொருந்தாது என்பதையும் அங்கங்கே சொல்லிவிடுகிறேன்.

நாள் குறிக்கும்போது

செய்யுங்கள்: மூன்று வாரத்துக்கு முன்பே நாள்காட்டியை எடுத்துவிடுங்கள். ஈஸ்டருக்கு நிலையான தேதி கிடையாது. மார்ச் 21-லோ அதற்குப் பிறகோ வரும் முதல் பௌர்ணமிக்கு அடுத்த ஞாயிறு என்பது கணக்கு. மார்ச் 22-க்கும் ஏப்ரல் 25-க்கும் நடுவே எங்கு வேண்டுமானாலும் விழும். 2027-ல் மார்ச் 28, 2028-ல் ஏப்ரல் 16, 2029-ல் ஏப்ரல் 1. பல ஆண்டுகளில் பங்குனிப் பௌர்ணமியை ஒட்டியே வரும். நார்த்தாமலை முத்துமாரியம்மன் திருவிழாவும் அந்தப் பருவம்தான். தேருக்குப் போகும் பிள்ளைகள் வகுப்புக்கு வர மாட்டார்கள் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

செய்யுங்கள்: நிலாவைப் பாடத்தில் சேருங்கள். செலவே இல்லாத வேலை இது. பௌர்ணமிக்கு ஒரு வாரம் முன்பிருந்து தினமும் இரவு வாசலில் நின்று நிலாவைப் பார்த்துவரச் சொல்லுங்கள். காலையில் வந்ததும் கரும்பலகையில் நேற்றைய நிலாவை ஒரு பிள்ளை வரையட்டும். பாதி நிலா முழு நிலாவாவதை வரிசையாகப் பார்த்தவர்களுக்கு ‘வளர்கிறது’ என்பதை விளக்க வேண்டியதில்லை. எந்த மதத்து வீட்டிலும் இதற்கு மறுப்பு வராது.

செய்யாதீர்கள்: எல்லாவற்றையும் வியாழக்கிழமைக்குள் திணிக்காதீர்கள். புனித வெள்ளி அரசு விடுமுறை. ஆகவே பள்ளிக்குக் கிடைப்பது திங்கள் முதல் வியாழன் வரை நான்கு நாள், பிறகு ஈஸ்டருக்கு அடுத்த திங்கள். பலர் அந்த அடுத்த திங்களை மறந்துவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் அதுதான் முக்கியமான நாள். உயிர்ப்பைப் பற்றிய எதையும் புதன்கிழமையே கொண்டாடி முடிப்பது, பந்தி போடுவதற்கு முன்பே இலையை எடுப்பது போல.

கதை எவ்வளவு, யாரிடம்

செய்யுங்கள்: முதலில் நீங்கள் நிற்கும் இடம் எது என்று பாருங்கள். 2011 கணக்கெடுப்பின்படி இந்த மாவட்டத்தில் கிறிஸ்தவர்கள் நூற்றுக்கு ஐந்து பேருக்கும் குறைவு. முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் கல்வி நிறுவனத்தில் மதபோதனை கூடாது என்கிறது அரசியலமைப்பின் 28ஆம் பிரிவு. அரசு அங்கீகாரமோ உதவியோ பெறும் பள்ளிகளில், பெற்றோர் சம்மதம் இல்லாமல் ஒரு குழந்தையை மத வகுப்பிலோ வழிபாட்டிலோ உட்காரவைக்க முடியாது. ஆகவே பால்வாடியில் விதை, ஓலை, முட்டை எல்லாம் வரலாம், ஜெபம் வரக்கூடாது. கிறிஸ்தவ நிர்வாகத்துப் பள்ளியிலும் வீட்டுக்கு ஒரு சீட்டு அனுப்பிக் கையெழுத்து வாங்கிக்கொள்வது நல்லது. கோட்டைப்பட்டினம், அம்மாபட்டினம் பக்கத்துக் கடற்கரை ஊர்களில் வகுப்பில் பாதிப்பேர் முஸ்லிம் வீட்டுப் பிள்ளைகளாக இருப்பார்கள். ஈசா நபி என்ற பெயரில் இயேசுவைப் பற்றி அவர்கள் வீட்டில் கேட்கும் வரலாறு வேறு. ‘நம் ஊரில் கிறிஸ்தவர்கள் இந்தப் பண்டிகையை இப்படிக் கொண்டாடுகிறார்கள்’ என்று தொடங்கினால் யாருடைய வீட்டுக் கதையையும் நீங்கள் திருத்த வேண்டி வராது.

செய்யாதீர்கள்: மறைக்கல்வி வகுப்பாகவே இருந்தாலும், ஐந்து வயதுக்குக் கீழே ஆணி, முள்முடி, சாட்டை வேண்டாம். சிலுவைப்பாதையின் 14 நிலைகளையும் படம் பிடித்துக் காட்ட வேண்டாம். குழந்தைகள் சாவை எப்படிப் புரிந்துகொள்கிறார்கள் என்று ஹங்கேரியில் ஆராய்ந்த மரியா நாஜ், தன் முடிவுகளை 1948-ல் வெளியிட்டார். ஐந்து வயதுக்குள் இருக்கும் பிள்ளைகளுக்குச் சாவு என்பது முடிவாகத் தெரிவதில்லை. எங்கோ போயிருக்கிறார், திரும்பி வந்துவிடுவார் என்ற மாதிரித்தான் தெரிகிறது என்பது அவர் கண்டது. அப்படிப்பட்ட பிள்ளைக்கு ‘இறந்தார், உயிர்த்தார்’ என்பது அதிசயமாகப் படாது. ரத்தம் மட்டும்தான் மனதில் தங்கும். ராத்திரி பாஸ்காவில் அலறலும் மேளமும் விளக்கும் சேர்ந்து வரும்போது மடியிலேயே அழுது தூங்கிப்போகும் பிள்ளைகள் உண்டு. குடும்பத்தோடு வருவதைத் தடுக்க முடியாது, தடுக்கவும் வேண்டியதில்லை. வகுப்பில் அதையே நடித்துக் காட்டச் சொல்லாமல் இருந்தால் போதும்.

செய்யாதீர்கள்: ‘இயேசு தூங்கினார், எழுந்துவிட்டார்’ என்று சுலபமாக்காதீர்கள். இரண்டு மாதம் முன்பு தாத்தாவைப் பறிகொடுத்த பிள்ளை வகுப்பில் இருந்தால், தாத்தா எப்போது எழுவார் என்ற கேள்வி அன்று மாலை வீட்டில் வெடிக்கும். சில பிள்ளைகள் தூங்கவே பயப்படும். எவ்வளவு சொல்லலாம்? நண்பர்களோடு சாப்பிட்டார், கால் கழுவிவிட்டார், பிறகு இறந்துபோனார், எல்லாரும் அழுதார்கள், மூன்றாம் நாள் பெண்கள் போய்ப் பார்த்தபோது கல்லறை காலியாக இருந்தது, அவர் உயிரோடு வந்தார். ஆறு துண்டு. மறைக்கல்விக்கு இவ்வளவு போதும்.

ஓலை

குருத்தோலை ஞாயிறு அன்று கோயிலைச் சுற்றி ஓலை பிடித்து நடந்த பிள்ளை, திங்கட்கிழமை அதே உற்சாகத்தில் வரும். அதைத் தவறவிடக்கூடாது. ஊர்வலம் போகாத பிள்ளைக்கும் ஓலை புதிதல்ல.

செய்யுங்கள்: தென்னை அல்லது பனைக் குருத்தை ஈர்க்கு நீக்கி, இரண்டு விரல் அகலத்துக்குக் கிழித்து, ஈரத்துணியில் சுற்றி வைத்துக்கொள்ளுங்கள். இந்த வெயிலில் வெறுமனே வைத்தால் வேலை தொடங்குவதற்குள் சுருண்டுவிடும். மூன்று வயதுக்கு நீளவாக்கில் கிழிப்பது மட்டும் போதும். அந்த விரல்களுக்கு அதுவே பெரிய வேலை. நான்கு வயதுக்கு மடித்து வாட்ச், மோதிரம், பீப்பி. ஐந்து வயதானால் நான்கு பட்டையை ஒன்றின் மேல், ஒன்றின் கீழ் என்று நுழைத்துச் சின்னப் பாய் முடையலாம். மேலே, கீழே, உள்ளே, வெளியே என்ற சொற்களை அட்டைப்படத்தில் காட்டிப் பழக்குவதைவிட இதில் பழக்குவது எளிது. ஊரில் கிலுகிலுப்பை முடையத் தெரிந்த பாட்டி ஒருவராவது இருப்பார். அவரைக் கூப்பிட்டு நாற்காலி போட்டு உட்காரவையுங்கள். அவர் கை ஓடும் வேகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதே அன்றைய பாடம்.

செய்யாதீர்கள்: குருவானவர் மந்திரித்துக் கொடுத்த ஓலையை வகுப்பு வேலைக்கு எடுக்காதீர்கள். கத்தோலிக்க வீடுகளில் அதைச் சாமிப் படத்துக்குப் பின்னால் செருகி வைப்பார்கள். அடுத்த ஆண்டு சாம்பல் புதனுக்கு அதை எரித்துத்தான் சாம்பல் எடுப்பார்கள். அதைக் கத்தரித்துப் பீப்பி செய்தால் பாட்டி மனம் நோகும். மந்திரிக்காத ஓலையைத் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள்.

செய்யாதீர்கள்: பனை மட்டையின் கருக்கை யாரும் தொடும்படி வைக்காதீர்கள். ஈர்க்கையும் எண்ணிப் பொறுக்கி எடுத்துவிடுங்கள், கண்ணில் குத்தும். ஓலைக்காக நிற்கும் மரத்தின் குருத்தை நீங்களே வெட்டவும் வேண்டாம். எது வெட்டலாம், எது கூடாது என்று மரம் ஏறுபவருக்குத் தெரியும்.

விதை

ஈஸ்டருக்கு இதைவிடப் பொருத்தமான வேலை எனக்குத் தெரியவில்லை. அதிலும் இந்த மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு முளைக்கும் தானியம் புதிதே அல்ல. மாரியம்மன் கோயில் முளைப்பாரியை அத்தையும் சித்தியும் தலையில் தூக்கிப்போவதைப் பார்த்தவர்கள். அந்தக் கண்ணோடு வரும் பிள்ளைக்குக் கொட்டாங்குச்சியில் முளைக்கும் பயறு ஏற்கெனவே தெரிந்த அதிசயம்.

செய்யுங்கள்: ஈஸ்டருக்கு முந்தைய பெரிய வாரத்துத் திங்களன்று விதையுங்கள். அடுத்த திங்கள், ஈஸ்டர் முடிந்து வரும் அன்று, விதைத்த இடத்தில் பச்சை நிற்கும். நடுவில் மூன்று நாள் யாரும் வகுப்பில் இல்லை என்பது இந்த வேலைக்கு நன்மைதான்: போகும்போது வெறும் மண், வரும்போது செடி. ஆனால் அந்த மூன்று நாளும் தண்ணீர் தெளிக்க ஆயாம்மாவிடம் சொல்லி வைக்க வேண்டும். பங்குனி வெயிலுக்குக் கொட்டாங்குச்சி மண் அரை நாளில் காய்ந்துவிடும். ஜன்னலோர நிழலில் வைத்து, ஈரச்சாக்கு மேல் அடுக்கினால் தாங்கும்.

எந்த விதை? பச்சைப்பயறு. இரவு ஊறவைத்தால் இரண்டாம் நாளே வால் விடும். மூன்று வயதுப் பிள்ளைக்கு அதற்கு மேல் காத்திருக்கப் பொறுமை கிடையாது. கம்பு, கேழ்வரகு, நெல் ஆகியவற்றையும் ஒவ்வொரு கொட்டாங்குச்சியில் போட்டால் எது முந்துகிறது என்று பந்தயம் பார்க்கலாம். பெரிய பிள்ளைகளுக்கு இன்னொன்று: ஒரு கொட்டாங்குச்சியை ஜன்னலிலும் ஒன்றை அட்டைப்பெட்டிக்குள் இருட்டிலும் வையுங்கள். இருட்டில் வளர்ந்தது மஞ்சளாக, நெட்டையாக, தள்ளாடிக்கொண்டு நிற்கும். ஏன் என்று நீங்கள் சொல்லாதீர்கள். அவர்கள் சொல்லும் காரணங்களை எழுதி வையுங்கள். அறிவியல்படி அவற்றில் பல தவறாகத்தான் இருக்கும், அதனால் குற்றமில்லை.

செய்யுங்கள்: நட்டவர் பெயரையோ, பெயர் படிக்கத் தெரியாதவருக்கு ஒரு படத்தையோ ஒட்டுங்கள். பத்துக் கொட்டாங்குச்சியில் இரண்டு முளைக்காது. அந்த இரண்டு பிள்ளைகளுக்காக, சொல்லாமல் நாலைந்து கூடுதலாகப் போட்டு வைத்திருங்கள்.

செய்யாதீர்கள்: ‘விதை செத்துப்போய்ச் செடியாக வருகிறது’ என்று சொல்லாதீர்கள். கோதுமை மணி மண்ணில் விழுந்து மடிவதைப் பற்றி யோவான் நற்செய்தி பேசுகிறது. பெரியவர்களுக்கு அது ஆழமான உவமை. நாலு வயதில் உவமை நிற்காது, சொன்னது அப்படியே நிற்கும். விதைக்குள் உயிர் இருக்கிறது, தண்ணீர் பட்டதும் வேலையைத் தொடங்குகிறது, அதுதான் நடப்பது. செத்த விதை முளைக்காது. வறுத்த பயறு நாலைப் பக்கத்தில் விதைத்துக் காட்டினால் அதையும் கண்ணால் பார்த்துவிடுவார்கள்.

செய்யாதீர்கள்: இதற்கு முளைப்பாரி என்று பெயர் வைக்காதீர்கள். அது விரதம் இருந்து வளர்ப்பது, கும்மி கொட்டிக் கொண்டுபோய்க் கரைப்பது. ஒப்பிட்டுப் பேசலாம், பெயரை எடுத்து இதில் ஒட்டினால் இரண்டு பக்கத்துப் பெற்றோருக்கும் பிடிக்காது.

செய்யாதீர்கள்: குன்றிமணி, ஆமணக்கு இரண்டையும் எண்ணும் மணியாகவோ ஒட்டும் விதையாகவோ வகுப்புக்குள் விடாதீர்கள். பல்லாங்குழிக்குக் குன்றிமணி வைத்திருந்த வீடுகள் உண்டு, பார்க்கவும் அழகுதான். மென்றுவிட்டால் இரண்டுமே கொடிய விஷம். மூன்று வயதுக்குள் இருக்கும் பிள்ளைக்கு எந்த விதையையும் தனியே கொடுத்துவிட்டுத் திரும்பக்கூடாது. மூக்கிலும் காதிலும் போட்டுப் பார்ப்பது அந்த வயதின் ஆராய்ச்சி.

முட்டை

தமிழ்நாட்டு அங்கன்வாடிப் பிள்ளைக்கு முட்டை என்பது பண்டிகைப் பொருள் அல்ல. வாரத்துக்கு 3 முட்டை தட்டில் விழுகிறது. ஆகவே பிளாஸ்டிக் முட்டையை வாங்கி அதற்குள் மிட்டாய் வைத்துத் தேடவிடுவதில் புதுமை எதுவும் இல்லை. தட்டில் வருவதையே கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வைப்பதுதான் வேலை.

முட்டை எப்படி ஈஸ்டருக்கு வந்தது? பழைய ஐரோப்பாவில் தவக்காலத்தின் 40 நாளும் இறைச்சியோடு முட்டையும் விலக்கு. கோழிக்கு விரதம் தெரியுமா, அது இட்டுக்கொண்டே போகும். சேர்ந்த முட்டையெல்லாம் ஈஸ்டரன்று அவிழ்க்கப்பட்டது. கிழக்குத் திருச்சபைகளில் அதைச் சிவப்புச் சாயத்தில் முக்கிக் கொடுப்பார்கள். நம் பக்கத்திலும் தவக்காலத்தில் கவிச்சி தொடாத கத்தோலிக்க வீடுகள் இருக்கின்றன; முட்டையையும் சேர்த்து விடுகிறவர்கள் உண்டு.

செய்யாதீர்கள்: அதனாலேயே முட்டை வேலையைப் பெரிய வாரத்தில் வைக்காதீர்கள். ஈஸ்டருக்கு அடுத்த திங்கள்தான் அதற்கு நாள். விரதம் விட்ட வீட்டுப் பிள்ளை தைரியமாகத் தின்னும்.

செய்யுங்கள்: முட்டை ஓட்டுக்குச் சமையலறைச் சாயம் ஏற்றுங்கள். வெங்காயச் சருகைப் போட்டு வேகவைத்தால் செம்பழுப்பு. மஞ்சளுக்கு மஞ்சள், பீட்ரூட்டுக்கு ரோஸ், சங்குப்பூவுக்கு நீலம். கொஞ்சம் வினிகர் விட்டால் சாயம் நன்றாகப் பிடிக்கும். வெள்ளை முட்டையும் நாட்டுக்கோழி முட்டையும் ஒரே சாயத்தில் வேறுவேறு நிறம் காட்டும். பிள்ளைகள் அதைக் கண்டுபிடிக்கும்வரை நீங்கள் வாயைத் திறக்க வேண்டாம். கொதிக்கிற பாத்திரம் மட்டும் அடுக்களையோடு இருக்கட்டும். ஆறிய முட்டையை ஆறிய சாயத்தில் முக்கி எடுப்பதே பிள்ளைகள் வேலை.

செய்யாதீர்கள்: கோலப்பொடி, ஹோலிப் பொடி, ஃபேப்ரிக் பெயின்ட் எதையும் தின்னப்போகும் முட்டையில் பூசாதீர்கள். அவித்த முட்டையை வெளியே வைக்கும் நேரம் இரண்டு மணிக்கு மேல் போகக்கூடாது; 32 டிகிரி தாண்டினால் ஒரு மணி நேரம்தான். ஏப்ரலில் புதுக்கோட்டையில் அது காலை பத்து மணிக்கே தாண்டிவிடும். காட்சிக்கு வைத்த முட்டையை மத்தியானம் சாப்பிடக் கொடுக்காதீர்கள். பச்சை முட்டை ஓட்டைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். ஓட்டில் துளையிட்டு வாயால் ஊதச் சொல்லும் வேலை எந்த வயதுக்கும் வேண்டாம். உடைத்த ஓட்டைக் கொதிநீரில் போட்டு எடுத்தபின் பயறு விதைக்கும் கிண்ணமாக்கலாம்.

செய்யுங்கள்: முட்டை ஒவ்வாத பிள்ளை யார், முட்டை தொடாத வீடு எது என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள். பள்ளிச் சத்துணவில் முட்டை வேண்டாதவருக்கு வாழைப்பழம் தரும் வழக்கம் இருக்கிறது. இங்கும் அப்படியே ஒரு தட்டு. அவர்கள் சாயம் ஏற்ற வெள்ளைத்துணித் துண்டு. தனியாக உட்காரவைக்காமல் அதே வட்டத்தில்.

செய்யுங்கள்: முட்டையிடுவது எது, குட்டி போடுவது எது என்று பிரிக்கும் விளையாட்டை வையுங்கள். கோழி, ஆடு, காக்கா, பூனை, பல்லி, மாடு, முயல். காது மடல் வெளியே தெரிந்தால் குட்டி, தெரியாவிட்டால் முட்டை என்று கிராமத்துப் பெரியவர்கள் சொல்வார்கள்; பிள்ளைகள் பார்க்கும் விலங்குகளுக்கு அந்தக் கணக்கு நன்றாகவே ஒத்துவரும். இவ்வளவு கற்ற பிள்ளையிடம் முட்டை சுமக்கும் முயல் படத்தைக் கொண்டுபோய் நீட்டிப் பாருங்கள், அதுவே உங்களைத் திருத்தும்.

செய்யுங்கள்: ஆயாம்மா வீட்டிலோ பக்கத்திலோ கோழி அடையில் இருந்தால் கேட்டு வையுங்கள். அடைக்கு 21 நாள். 2027-ல் மார்ச் 7 ஞாயிறு அடை வைத்தால் ஈஸ்டரன்று குஞ்சு எட்டிப்பார்க்கும். ஒரு வாரம் கழித்து இருட்டறையில் டார்ச் வெளிச்சத்தின்மேல் முட்டையை வைத்துக் காட்டினால் உள்ளே சிவப்பு நரம்பு தெரியும். பிள்ளைகள் தள்ளி நின்று பார்க்கட்டும், அடைக்கோழி கொத்தும். அந்த வாரமே யாராவது ஒரு பிள்ளை சத்துணவு முட்டையைத் தலையணைக்கடியில் வைத்துக் காத்திருக்கும். பண்ணையில் சேவல் இல்லாமல் இடும் முட்டையில் குஞ்சு வராது என்பதை அன்றைக்கே சொல்லிவிடுங்கள், நாற்றம் வரும்வரை விடாதீர்கள்.

செய்யாதீர்கள்: சைக்கிளில் விற்றுவரும் சாயக் கோழிக்குஞ்சுகளை வாங்காதீர்கள். பச்சை, ரோஸ், ஊதா. பெரும்பாலும் முட்டைப் பண்ணைக்கு வேண்டாத சேவல் குஞ்சுகள். சூடும் தீனியும் இல்லாமல் சில நாளில் செத்துவிடும். உயிர்ப்பைக் கொண்டாட வாங்கிய குஞ்சைப் புதைக்கும்போது என்ன கதை சொல்வீர்கள்? ஐந்து வயதுக்குட்பட்டவர்கள் குஞ்சைக் கையாளக் கூடாது என்பதற்கு வேறு காரணமும் உண்டு: அதன் இறகிலும் எச்சத்திலும் வயிற்றுப்போக்குக் கிருமி இருக்கும்.

நுங்கு, களிமண், சத்தம், தண்ணீர்

தேர் பார்த்த பிள்ளை மறுநாள் தேர் இழுக்கும். பங்குனி கடைசியில் நுங்கு வந்துவிடுவதால் சக்கரம் இனாம். செய்யுங்கள்: நுங்கு தின்றபின் மிஞ்சும் கூந்தலை ஓட்டை போட்டுக் குச்சி கோத்து வண்டியாக்குங்கள், மேலே அட்டைப்பெட்டி வைத்துக் காகிதப்பூ ஒட்டினால் சப்பரம். கண் எத்தனை என்று எண்ணுவது, உருள்வது எது, வழுக்குவது எது, தள்ளினால் எப்படி, இழுத்தால் எப்படி, எல்லாம் அதில் அடக்கம். தள்ளும் கவைக்குச்சியின் முனையை மழுக்கிவிடுங்கள்.

காலியான கல்லறையைக் களிமண்ணில் செய்யலாம். இங்கே இந்த மாவட்டத்துக்கு ஒரு வசதி இருக்கிறது. யெருசலேமில் சொல்லப்படும் கல்லறை மண்ணில் தோண்டிய குழியல்ல, பாறையைக் குடைந்த அறை, வாசலுக்கு உருட்டிவைத்த கல். சித்தன்னவாசலோ திருமயமோ மலையடிப்பட்டியோ போய்வந்த பிள்ளைக்குப் பாறைக்குள் அறை என்றால் உடனே புரியும். கண்மாய்க் களிமண் உருண்டையில் கட்டைவிரலால் குடைந்து, ஒரு கூழாங்கல்லை வாசலில் வைத்து, நகர்த்தி, ‘உள்ளே யாரும் இல்லை’ என்று சொல்வதில் பிள்ளைகளுக்கு அலுப்பே வராது. புற்றுமண் எடுக்காதீர்கள், கும்பிடும் இடம், பாம்பும் இருக்கும்.

பெரிய வியாழன் இரவு முதல் பாஸ்கா திருவிழிப்பு வரை கோயில் மணி அடிக்காது, மரக்கட்டையைத் தட்டுவார்கள். இரண்டு கொட்டாங்குச்சியை மோதும் ஓசை, மணியோசை, அப்புறம் சத்தமே இல்லாத ஒரு நிமிடம். மூன்றையும் கண்ணை மூடிக் கேட்கவைக்கும் விளையாட்டு மழலையருக்கு மிகவும் பிடிக்கும். அந்த ஒரு நிமிடம் முதல் தடவை பத்து வினாடிதான் தாங்கும்.

கால் கழுவும் சடங்கைப் பிள்ளைகளை வைத்து நடத்துவதில் எனக்குத் தயக்கம் உண்டு. யார் காலை யார் தொட்டுக் கழுவுவது என்பது நம் ஊர்களில் இன்னும் வெறும் விளையாட்டு ஆகிவிடவில்லை. செய்யுங்கள்: டீச்சரே கீழே உட்கார்ந்து எல்லாப் பிள்ளைகளின் காலையும் வரிசையாகக் கழுவித் துடையுங்கள், எவரையும் விடாமல். தண்ணீர்ப் பஞ்சக் காலம் என்பதால் ஆளுக்கு ஒரு சொம்பு, விழும் தண்ணீர் செடிக்கு. செய்யாதீர்கள்: ஒரு பிள்ளையைச் சீடராக்கி இன்னொரு பிள்ளையின் காலைக் கழுவச் சொல்லிப் படம் எடுத்து அனுப்பாதீர்கள்.

பூச்சியும் பூவும்

பட்டாம்பூச்சியும் ஈஸ்டர் அடையாளம்தான். ஆனால் முட்டையிலிருந்து சிறகுவரை மூன்று நான்கு வாரம் ஆகும். பள்ளியில் கறிவேப்பிலையோ எலுமிச்சையோ நின்றால் இலையில் பறவை எச்சம்போல் ஒட்டியிருக்கும் புழுவைத் தேடுங்கள். தினமும் போய்ப் பாருங்கள், பாட்டிலில் அடைக்காதீர்கள். எருக்கிலும் ஒரு வகைப் பட்டாம்பூச்சிப் புழு இருக்கும். அதன் பால் கண்ணில் பட்டால் ஆபத்து என்பதால் பெரியவர் கூட இல்லாமல் அங்கே வேண்டாம்.

ஈஸ்டர் லில்லி என்று படத்தில் பார்த்ததைத் தேடிச் செங்காந்தளிடம் போகாதீர்கள். மாநிலப் பூ என்றாலும் கிழங்கு முதல் விதை வரை விஷம். அரளியும் அப்படியே. கீரமங்கலம் பூச்சந்தையில் சம்பங்கி உதிரியாகக் கிடைக்கும். குழல்போன்ற காம்பில் வாழைநார் நுழைவது சின்ன விரலுக்குச் சுலபம்.

கண்டிப்பாக வேண்டாம்

புதரிலும் தோட்டத்திலும் முட்டை ஒளித்துத் தேடவிடுவது வேண்டாம். கோடையில் பாம்பு நிழல் தேடும். மூடாத ஆழ்துளைக் கிணறு குழந்தையைப் பலிவாங்கும் என்று 2019 அக்டோபரில் பக்கத்து மாவட்டத்தில் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் பார்த்துவிட்டோம். வகுப்பறைக்குள், ஆளுக்கொரு நிறம், தன் நிறத்தைத் தானே தேடுவது என்று வைத்தால் யாரும் தோற்க மாட்டார்கள்.

ஆதனக்கோட்டை முந்திரி அருமைதான், முழுப்பருப்பாக மழலையர் வாயில் போடாதீர்கள். உருண்டை மிட்டாயும் முழுத் திராட்சையும் அதே கணக்கில் சேரும். முட்டையையும் நறுக்கியே கொடுங்கள், மஞ்சள்கரு தொண்டையில் அடைக்கும்.

எரியும் மெழுகுதிரியைப் பிள்ளை கையில் கொடுக்காதீர்கள், நைலான் கவுன் போட்டிருக்கும். இருட்டறையில் டார்ச் போதும்.

சாக்லேட் முட்டை பேருந்திலேயே உருகிவிடும்.

பெற்றோருக்குப் பட்டியல் அனுப்பி வாங்கிவரச் சொல்லாதீர்கள். கொட்டாங்குச்சியும் ஒரு பிடி பயறும் எல்லா வீட்டிலும் உண்டு; அதற்கு மேல் கேட்டால் வாங்க முடியாத வீட்டுப் பிள்ளை அன்று வராது.

திங்கள் வேலை முடிந்ததும்

முளைத்த பயறில் மண் படாததை அவித்துச் சுண்டலாக்கலாம், மிச்சம் ஆட்டுக்கு. நொறுக்கிய முட்டை ஓடு கறிவேப்பிலைச் செடிக்கு. பிறகு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்: எந்த விதை முந்தியது, எந்தச் சாயம் பிடிக்கவில்லை, எந்த வீட்டார் என்ன சொன்னார்கள், எத்தனை பேர் திருவிழாவுக்குப் போய் வரவில்லை. அதே நோட்டில் அடுத்ததற்கும் நாள் குறித்துவிடலாம். 2028-ல் அடை வைக்க மார்ச் 26, விதைக்க ஏப்ரல் 10. தமிழ்ப் புத்தாண்டும் அதே வாரத்தில் வருவதால் இரண்டுக்கும் சேர்த்தே விடுமுறைப் பட்டியலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.